பிடுங்கிய பலகை

டெரிமோர், ஜூன் 19

அன்புள்ள மகன் கோல்மனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் உன் அப்பாவும் நானும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது, கனடாவில் நீயும் மருமகள் ரூத்தும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே ஆலங்கட்டி விழுகிறது என்று போனில் சொன்னாய், காரைத் திறந்த வெளியில் நிறுத்தாதே. கறுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. புதுப் பாதிரியார் பூசையை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார், அதனால் உன் அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

நம் சதுப்பில் மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீர் வடியாமல் நிற்க வாய்க்கால்களைப் பலகை வைத்து அடைத்தார்கள் அல்லவா, கால்வே நகரத்திலிருந்து வருகிற ப்ரோனா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் அங்கே கரியமில வாயுவை அளந்துகொண்டிருக்கிறாள். அவளால் மாதம் ஒரு தடவைதான் வர முடியும், அதனால் போன வருடத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் நான் அளக்கிறேன். பாசிக்குள் ஒரு வளையம் பதித்திருக்கிறது, அதன்மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து மூன்று நிமிடம் கருவியைப் பார்க்க வேண்டும். வெயிலில் பாசி வாயுவைக் குடிக்கும், எண் இறங்கும். கறுப்புத் துணியைப் போட்டு மூடினால் மூச்சு விடும், எண் ஏறும். பிறகு பக்கத்தில் நட்டிருக்கும் குழாயில் டேப்பை இறக்கித் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று எழுத வேண்டும். பாசிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே நின்றால் நல்லது, அதற்கும் கீழே போனால் காற்று உள்ளே புகுந்து, ஆயிரக்கணக்கான வருடமாக மக்காமல் கிடந்ததெல்லாம் மக்கிப் புகையில்லாமல் எரிவது போல வாயுவாகப் போய்விடும். உன் அப்பா ஒவ்வொரு செவ்வாயும் வாசலில் நின்று, "பாசிக்கு நாடி பாக்கக் கெளம்பிட்டாங்க டாக்டரம்மா, ஊசி போடுவீங்களா இல்ல மாத்திரைதானா" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும், எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது.

மே மாதம் முதல் செவ்வாயன்று நல்ல வெயில், எண் இறங்கவில்லை. நின்று நின்று பார்த்தேன், மேலேதான் போனது. குழாயில் டேப்பை விட்டால் முப்பத்தொரு சென்டிமீட்டர். வாய்க்கால் பக்கம் போனேன், பலகை கரையில் படுத்திருந்தது, சேற்றில் உன் அப்பாவின் பூட்ஸ் தடம், இடது குதிகால் தேய்ந்த தடம், எனக்குத் தெரியாதா. நம் ஆட்களுக்கு நிரம்பி நிற்கிற வாய்க்காலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மேயில் வாய்க்காலைத் திறந்து கரையைக் காயவிட்டால்தான் அடுப்பில் எரிக்க டர்ஃப் மண்கட்டி வெட்ட முடியும் என்று ஐம்பது வருடம் செய்த கை அது. நான் நோட்டில் எட்டு சென்டிமீட்டர் என்று எழுதினேன். அடுத்த செவ்வாயும் எட்டு, அதற்கடுத்த செவ்வாயிலிருந்து ஒன்பது என்று எழுதினேன், மழை இல்லாததால் ஒன்பதுதான் நம்பும்படி இருக்கும் என்று யோசித்து எழுதினேன். அவரை ஊர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வாயு எண்கள் கருவியிலேயே பதிந்துவிடும், அதில் நான் கைவைக்க முடியாது. அதனால் பாவம் அந்தப் பெண், தண்ணீர் சரியாக இருக்கும்போது சதுப்பு ஏன் வாயுவைக் கக்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். இரண்டு முறை வந்து, என் நோட்டை நம்பி வாய்க்கால் பக்கம் போகாமல், வளையத்தைத் தோண்டி எடுத்து மாற்றினாள். போன வாரம் நம் சமையலறையில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல், "இங்க அடைச்சு பிரயோஜனம் இல்லைன்னுதான் செப்டம்பர்ல எழுதப் போறேன் அட்ராக்டா, மூணு வருஷம் வீணாப் போச்சு" என்றாள். அப்படி எழுதினால் நம் இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யக் காத்திருக்கிற பதினொரு குடும்பமும் தங்கள் வாய்க்கால்களை அடைக்க மாட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "தண்ணி எறங்கினதை நெஜமா எழுதியிருந்தா அதுவே எனக்குப் பெரிய பாடமா இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லி, நான் பொய்யாக எழுதிய பக்கம் எல்லாவற்றிலும் நீளமாகக் கோடு போட்டாள். இனி நான் அளக்கும்போது இன்னொருவரும் கூட நின்று பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

அன்றைக்கே உன் அப்பாவிடம், ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். மறுக்கவில்லை. "முழுக்கத் தண்ணியில மூழ்கடிச்சிட்டா கோல்மன் திரும்பி வந்து எதை வெட்டுவான், அவனுக்குன்னு ஒரு கரையாவது காஞ்சு கெடக்க வேணாமா" என்றார். நான் பாத்திரத்தைத் துலக்க ஆரம்பித்தேன். "அவனே 'எனக்கு வேணாம்ப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே போய் பலகையை அடிச்சிட்டு வரேன்" என்றார். பலகை இன்னும் கரையில்தான் கிடக்கிறது.

நீங்கள் அங்கேயே வீடு வாங்கிவிட்டதையும், இனி இங்கே குடிவரப் போவதில்லை என்பதையும் கிறிஸ்துமஸுக்கு என்னிடம் மட்டும் சொன்னாய், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றாய். ஆறு மாதமாக நான் சொல்லவில்லை. ப்ரோனாவிடம் என் தப்பைச் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று, அது என் தப்பு, நான் சொன்னேன். இது நீ சொல்ல வேண்டியது. போனில் வேண்டாம், போனில் அவர் வானிலை பேசி முடித்துவிடுவார்.

ரூத்துக்கு என் அன்பு. மாதா உங்கள் இருவரையும் குளிரிலிருந்தும் வழிப்பயண ஆபத்திலிருந்தும் காக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. கடிதம் எழுதும்போது உறையின் மேல் அப்பா பெயரை மட்டும் எழுது, மாலக்கி கில்மார்ட்டின் என்று. வந்ததும் நான் பிரிக்க மாட்டேன். அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை மாட்டுக்கொட்டகையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அட்ராக்டா