மீன் தொட்டிக்குள் ஒரு கால்

14.8.2003, வியாழன்

மீன் தொட்டியில அழகுக்கு வெக்க, கோவளம் பீச்சுல பொறுக்கின கட்டையை உப்பு போக வேகவெச்சேன், ஒரு வாரம் ஊறவும் போட்டேன். தொட்டியில விட்டா இன்னும் மிதக்குது. அதனால மாமல்லபுரத்துல ஒரு சிற்பப் பட்டறை வாசல்ல கிடந்த உடைஞ்ச கல்லைக் கேட்டு வாங்கியாந்து, நைலான் கயித்தால கட்டையோட சேர்த்துக் கட்டி இறக்கினேன். கட்டை அடங்கிடுச்சு.

கல்லு மேல இருந்த தூசி தண்ணியில கரைஞ்சதும் சுதா கத்தினா. "இன்னாங்க இது, காலு!" ஆமா. சின்னப் பாதம், விரலோட.

பட்டறைக்காரருக்கு போன் போட்டேன். சிரிக்கிறார். "கண்ணு தொறக்காத சிலை சார். வெறும் கல்லுதான்."

அதை அப்படியே சுதாகிட்ட சொன்னேன். "காலுக்கு எதுக்குங்க கண்ணு?"ன்னா.

பின்னமான சாமியைத் தண்ணியிலதானே விடுவாங்க, அப்போ சரிதானே? இல்ல, அது சாமியே இல்லையா, ஏதாவது ஓட்டலுக்குச் செஞ்ச பொம்மையா? எடுத்துட்டா கட்டை மேல வந்துடும், வரட்டும். எடுத்த காலை எங்க வெக்கிறது? அவளுக்கு இது ஏழாம் மாசம். இந்த நேரத்துல உடைஞ்ச காலு ஒண்ணை நானே வூட்டுக்குள்ள...

அவ தூங்கினப்புறம் தொட்டி லைட்டை அணைக்கப் போனேன். அணைக்கலை. குனிஞ்சு விரலை எண்ணினேன். அஞ்சும் இருந்துது. அதுக்கப்புறம்தான் மூச்சே வந்துச்சு.