கயிறு வைத்த கார்

ஷார்ஜா

அன்புள்ள கோகிலவாணிக்கு,

நானும் என் தொந்தியும் நலம். உன் முட்டிவலி கம்மியா?

முதலாளி அபூர்வமான பழைய கார்கள் இரண்டு வாங்கியிருக்கிறார். துடைக்கும் பாக்கியம் எனக்கு. ஜெர்மன்காரனின் போர்ஷே 959 உன்னைப் போல, எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும். நம்மூர் வெள்ளிமலை ஏற்றத்தில்கூட முணுமுணுக்காது. இத்தாலிக்காரனின் ஃபெராரி எஃப்40 என்னைப் போல. ரேடியோகூட இல்லை, சத்தம் மட்டும் ஜாஸ்தி. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தால் துடைக்கிற கை தானாக நின்றுவிடுகிறது.

நேற்று அதற்குள் உட்கார்ந்து துடைக்கும்போது கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கைப்பிடியே இல்லை, ஒரு கயிறுதான் இருந்தது. நான்தான் எதையோ பிய்த்துவிட்டேன், வேலை போச்சு என்று அதைத் துணியால் மறைத்துக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். முதலாளி கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்து, கயிற்றை இழு என்று சைகை காட்டினார். இழுத்தேன், திறந்தது!

"கதவுக்குக் கயித்தக் கட்டிக்கினு, இன்னா வூடுங்க இது?" என்று நம் குளியலறையைச் சொல்லித் திட்டுவாயே. கோடிக்கணக்கான ரூபாய் காருக்கும் அதே கயிறுதான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் மோர்மிளகாய் கொடுத்தனுப்பு. தாழ்ப்பாள் மட்டும் வாங்கிவிடாதே. நான் வெளியே நின்று தட்ட, நீ உள்ளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, வரேன்!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன்,
பச்சமுத்து