கிணற்று வீடு விலைபோன விவரம்

ராயபுரம்,
14-3-1953

மரியாதைக்குரிய ரஹீமுன்னிசா அக்காவுக்கு, குணசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகள் புஷ்பவல்லியும் இங்கே சுகம். பினாங்கில் நீங்களும் ரஷீது பாயும் சுகமாக இருக்க வேண்டும். பாய்க்கு மூச்சிரைப்பு குறைந்ததா? கடையில் மூட்டை தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடு முந்தாநாள் வியாழக்கிழமை ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பணத்தைப் பாங்கியில் கட்டி, ரசீதை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி, உங்களுக்கு எழுதாமல் மறைத்ததையும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் வீடு காட்டப் போவார், கடிதமும் மனுவும் எழுதுவது நான். அவர் காலமான பிறகு அந்தத் தரகுத் தொழிலை நானே செய்யப்போகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. நீங்கள் ஒருவர்தான் சிரிக்கவில்லை. கப்பல் ஏறுவதற்கு முன் என் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிச் சாவியைக் கொடுத்தீர்கள். ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "தரகர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். நான்தான் என்றால், "ஆம்பள யாரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே நுழையாமலே போனவர்கள் பலர்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். தரகர் தேசப்பனை உங்களுக்குத் தெரியும், என் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் டீ குடித்தவர். அவர் ஒரு தோல் வியாபாரியைக் கூட்டி வந்தார். வீட்டை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுவாராம், பாதி விலை கொடுப்பாராம். முடியாது என்றேன். அடுத்த வாரமே, உங்கள் கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்தாள், அவள் ஆவி மாடியில் நடக்கிறது என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. நீங்கள் இருபது வருஷம் குடித்தனம் செய்த வீட்டுக்கு இந்தப் பெயர். முன்பணம் கொடுக்க இருந்தவர்கூட வந்து, "வூடு நல்லாத்தாங்கீது. எம் பொஞ்சாதி மாசமா கீறா, பயப்படறா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. பாதி விலைக்கே கொடுத்துவிடலாமா என்று உங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். நாலு வரி எழுதியதும் எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துப்போட்டேன்.

மறுநாள் காலை, அடுப்பு, பாய், நாலு பாத்திரங்களோடு நானும் புஷ்பவல்லியும் உங்கள் வீட்டில் குடியேறிவிட்டோம். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். வாசலை விரியத் திறந்து வைத்து, கார்ப்பரேஷன் குழாயடியில் வரிசையில் நின்ற பெண்களிடம் போய், நம் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. இரண்டாம் நாள் மீன் விற்கும் முத்தம்மா வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, "பேய் குளிச்ச தண்ணி எப்டிகீதுன்னு குட்ச்சிப் பாத்துடறேன்" என்று ஒரு செம்பு குடித்தாள். அப்புறம் குழாயடிப் பக்கம் திரும்பி, "அடியே, கல்கண்டு மாரி கீதுடி! அங்க இன்னாத்துக்கு அட்ச்சிகினு கீறீங்க?" என்று கத்தினாள். ஒரு வாரத்தில் கிணற்றடியில் கால் வைக்க இடமில்லை. யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்பதிலிருந்து எல்லா வம்பும் அங்கேதான். ஆவியைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

முத்தம்மா மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று இக்னேஷியஸ் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் மனைவி தண்ணீருக்கு அல்லாடுவதைப் பார்த்து, முத்தம்மாதான் நம் வீட்டைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். புருஷனோடு வந்த அந்த அம்மாள் அறைகளைப் பார்ப்பதற்கு முன்பே என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க இங்கியே படுத்துக்கினீங்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டு நாள் என்றேன். "உங்க பொண்ணும்?" அவளும்தான் என்றேன். தெருப் பெண்கள் தண்ணீருக்கு வருவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "வரட்டும், பேச்சுத் தொணையாச்சு" என்று சிரித்து, புருஷனைப் பார்த்து, "முட்ச்சிடுங்க" என்றார்.

பதிவு அன்று இன்னொரு கூத்து. சாட்சிக்கு வர வேண்டிய இருவரில் ஒருவர் வரவில்லை. ஆபீஸ் மூடும் நேரம். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அங்கே வேறு வேலையாக வந்திருந்த தேசப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே வந்து பேனாவை வாங்கினார். "பேய் கீதுன்னு சொன்னவனும் நான்தான், சாட்சிக் கையெய்த்தும் நான்தான். எங்கூட டீ குட்ச்ச பொன்னுரங்கம் பொஞ்சாதின்னு தெரிஞ்சும் அப்டி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதம்மா" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா, இப்போது திருவொற்றியூரில் ஒரு வீடும் பெரம்பூரில் ஒரு மனையும் விற்றுத் தரச் சொல்லி என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். புஷ்பவல்லியின் பள்ளிக்கூடப் படிப்பு நிற்காது. இதெல்லாம் நீங்கள் அன்று கொடுத்த சாவியால் வந்தது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. போகும்போது, இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன், அதற்குள் வீடு விற்காவிட்டால் அதிலேயே இருந்துகொள்கிறேன் என்று சிரித்தீர்கள். நான் விற்றுவிட்டேன். இந்த ஊரில் உங்கள் பெயரில் இனி ஒரு வாசல் இல்லை. அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். என் அறை சின்னதுதான், நாலு பேர் படுக்கலாம். துறைமுக வாசலில் எந்த ரிக்‌ஷாக்காரரிடமும் "வூடு விக்கிற குணசுந்தரி" என்று சொன்னால் போதும், நேரே கொண்டுவந்து விடுவார்கள்.

பாயையும் அழைத்துக்கொண்டு ஒரு தடவையாவது வாருங்கள் அக்கா.

உங்கள் அன்புத் தங்கை,
குணசுந்தரி