எந்தப் பத்து மணி

2025 பெப்ரவரி 3, திங்கள்

எனக்கு நடந்தது அநியாயம். அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

'றீட்லெற்' என்பது இணையத்தளம் கட்டுவதற்கான ஒரு சிறிய சட்டகம். பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். அதை 'ஹெறன்' இயங்குதளத்துக்குப் பொதியாகக் கட்டிக்கொடுக்க ஐந்து மாதம் உழைத்தேன். ஹெறன் யாருக்கும் சொந்தமில்லாதது, பல நாட்டுக்காரர் சம்பளமில்லாமல் செய்வது. என் பொதியில் எல்லாச் சோதனையும் தேறியது, நேரம் பார்க்கும் ஒன்றைத் தவிர. ஏன் என்று கேட்டு முறைப்பாடு போட்டேன். பொதிகளைப் பார்த்து அனுமதிக்கும் நோர்வேக்காரர் ஒரே வரியில் மூடிவிட்டார்: "பயனரின் கணினி நேரம் பிழை. எங்கள் கணினியில் தேறுகிறது."

எனக்கு நேரம் பிழையா? கல்லடியில் பதினெட்டு வருடம் தொலைபேசிக் கடை வைத்து, குவைத்துக்கும் கனடாவுக்கும் ஆளுக்கு ஆள் நேரம் குறித்துக் கொடுத்தவள் நான்!

28ஆம் திகதிக்குப் பிறகு புதிய பொதி எடுக்கமாட்டார்கள். தவறினால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. 'பொறுப்பாளர்: யோ. பீற்றிஸ்' என்ற வரியை நான் பார்த்தே ஆக வேண்டும்.

பெப்ரவரி 5

கண்டுபிடித்தது: வர வேண்டிய நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக அரை மணித்தியாலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சோதனையில் உள்ள திகதி 2000 ஜனவரி 1. அதை 2010 என்று மாற்றினால் தேறுகிறது. திரும்ப 2000 போட்டால் விழுகிறது. அந்த வருடத்தில் என்ன பேய் இருக்கிறது?

பெப்ரவரி 6

நோர்வேக்காரர் பதில்: கணினியை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டு அனுப்பினால் உடனே அனுமதிப்பாராம். மாற்றமாட்டேன். நான் இருப்பது கல்லடியில்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கோயிலால் வந்து உட்கார, கொக்கட்டிச்சோலை அருமைநாயகம் அண்ணன் உரப் படிவம் அச்செடுக்க வந்தார். வயல்வட்டையில் அறுவடை நடக்கிறதாம், நிற்க நேரமில்லையாம். ஆனாலும் என் முறைப்பாட்டை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அரை மணித்தியாலமா? உங்கட கணினிக்கும் உங்கட புத்திதான் தங்கச்சி."

"என்ன புத்தி கா அண்ணன்?"

"சண்டைக் காலத்த மறந்திட்டீங்களா? இஞ்சால புது நேரம், எங்கட கரையில பழைய நேரம். மண்முனையில பாதைப் படகேறி வாவியக் கடக்கக்குள்ள அரை மணித்தியாலம் காணாமப் போயிரும். பத்து மணிக்கு வாங்க எண்டீங்க. சரியாப் பத்துக்கு வந்து நிண்டன். மகள் சுலோ கோல் எடுத்து வெச்சிட்டா எண்டீங்க."

நான் எழும்பிய வேகத்தில் தேத்தண்ணி கவிழ்ந்தது. எனக்கு மறந்துதான் போயிற்று! 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. 2006இல்தான் பழையபடி ஆக்கியது. வாவிக்கு அந்தப் பக்கம், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரை அதை ஏற்கவேயில்லை.

றீட்லெற்றின் நேர அட்டவணையைத் திறந்தேன். இலங்கைக்கு ஒரே ஒரு வரி: உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் கூட, எக்காலமும். மெலிவாக இருக்க வேண்டுமென்று எங்கள் பத்து வருடத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள்! பிழை என் கணினியில் இல்லை. இல்லவே இல்லை!

பெப்ரவரி 10

அந்த அட்டவணையையே தூக்கிவிட்டேன். ஹெறனுக்குள் முழு அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்து நேரம் சொல்லும்படி பதினொரு வரி எழுதினேன். ஓடவிட்டேன். எல்லாம் தேறியது, என் மணிக்கூட்டைத் தொடாமலே. தனிய நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டு றொசானி மதிலால் எட்டிப் பார்த்து, "அன்ரி, லொத்தர் விழுந்ததா?" என்றாள். அதைவிடப் பெரிசு பிள்ளை, என்றேன்.

பெப்ரவரி 13

திருத்தி அனுப்பியதற்கு நோர்வேயிலிருந்து பதில். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். ஹெறனின் அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறதாம். ஆனால் சனங்கள் உண்மையில் அந்த நேரத்தைப் பாவித்தார்களா, எழுத்தில் ஏதும் உண்டா என்று கேட்கிறார்.

எழுத்திலா! கடையின் அழைப்புப் பதிவேடு அலுமாரியில் இருக்கிறது. வா, பார்.

பெப்ரவரி 14

1998, ஜூன். நீல மையில் என் கையெழுத்து: 'அருமைநாயகம் — மகள் சுலோஜனா, குவைத் — 10.00 — ஆள் வரவில்லை.'

அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு நேரம். பு.நே., ப.நே. அதற்கு முன்னால் ஒரு பக்கத்திலும் இல்லை.

ஏன் அன்றைக்குத் தொடங்கினேன் என்று எனக்குத் தெரியும். அவர் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கடை நிறைய ஆள். நான் சுவர் மணிக்கூட்டைக் காட்டி, "உங்கட மணிக்கூடு பிழை" என்றேன். எந்தப் பத்து என்று நான் சொல்லியிருக்கவில்லை. சுலோஜனா அடுத்ததாக எடுக்க மூன்று மாதம் சென்றது. அதுவரை அந்த மனிசன் — சரி.

அடுத்த நாளே பதிவேட்டில் இரண்டு நேரத்துக்கும் கோடு கீறினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தை அனுப்புவதா?

பெப்ரவரி 15

இரண்டு பக்கத்தையும் அனுப்பினேன். கீழே என்ன நடந்தது என்றும் எழுதினேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

வந்துவிட்டது! றீட்லெற், ஹெறன் பொதி. பொறுப்பாளர்: யோ. பீற்றிஸ். மூன்று தரம் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன், மூன்று தரமும் இருந்தது. அருமைநாயகம் அண்ணனுக்கு எடுத்தேன்.

"பேர் வந்திட்டு அண்ணன்!"

"எந்த நேரத்தில? புதுசிலயா, பழசிலயா?"

சிரித்துச் சிரித்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 22

செய்ய வேண்டியவை.

நோர்வேக்காரர்: மூடிய முறைப்பாட்டின் மேல் இன்னும் 'பயனரின் கணினி நேரம் பிழை' என்று கிடக்கிறது. அதை எடுக்க வேண்டும். பொதியை ஏற்றது போதாது. எடுக்கும்வரை கிழமைக்கு ஒரு கடிதம் போகும்.

றீட்லெற்றை எழுதியவர்: என் பதினொரு வரியை மூலத்திலேயே சேர்க்க வேண்டும்.

உலக நேர அட்டவணை வைத்திருப்பவர்கள்: அதில் படுவான்கரை இல்லை. ஒரு குறிப்பாவது போட வேண்டும். வரைவு நான் எழுதுவேன், திகதிகளை அருமைநாயகம் அண்ணன் சொல்ல வேண்டும்.

நான்: திங்கட்கிழமை பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கொக்கட்டிச்சோலைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தைக் காட்டி, அன்றைக்கு உங்கட மணிக்கூடு சரி என்று, வீட்டார் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு வாறன் என்று இன்று காலை எடுத்துச் சொன்னேன். எந்தப் பத்து என்று கேட்டார்.

உங்கட பத்து, என்றேன்.