கம்பி மேல் உட்கார்ந்த ஆறுமணிக்குருவி

என் ஆசை மல்லிகாக்காவுக்கு,

வருகிற புரட்டாசியோடு நீ போய் ஒரு வருஷம். காலையில் தனியாகத்தான் நடக்கிறேன், ஏரிக்கரையில் ஆரம்பித்து மூங்கில் வளைவு வரைக்கும், நாம் போன அதே பாதை. திருப்பத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கச் சைக்கிளில் மலையேறி வருகிறவர்கள் இன்னமும் என்னைப் பார்த்தால் நிறுத்துகிறார்கள். நிறுத்தி என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "மல்லிகாக்கா மாங்குயில் காட்டுவாங்களே, அது எந்த மரம்?" போன பிறகும் உன் பெயர்தான். எதிரே நிற்கிற நான் என்ன பார்த்தேன் என்று ஒருத்தராவது கேட்கக் கூடாதா? வயிறு எரிகிறது அக்கா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நீ மூத்த மருமகள், நான் இளையவள். ஒரே அடுப்பில் உனக்குச் சாமைச் சோறு உதிரியாக வரும், எனக்குக் குழையும். அதைப் பொறுத்துக்கொண்டேன். டாக்டர் இரண்டு பேரையும் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னபோது, நடையிலாவது உன்னை முந்தலாம் என்று சந்தோஷப்பட்டேன். நீ எங்கே நடந்தாய்? பத்தடிக்கு ஒருதரம் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தாய். எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் நடுக்கோடு போட்டாய். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். புதுப் பறவையை யார் முதலில் கண்ணால் பார்க்கிறாளோ அவள் பக்கம் அது ஏறும். சாட்சி வேண்டாம், சத்தியம் வேண்டாம், வாய்ச்சொல் போதும். நீ வைத்த சட்டம் அது.

ஐப்பசியில் பனங்காடை வந்தது, உன் பக்கம். மார்கழிப் பனியில் மாங்குயில், உன் பக்கம். மாசியில் வெள்ளை வாலை ரிப்பன் மாதிரி இழுத்துக்கொண்டு ஈப்பிடிப்பான் போனது, அதுவும் உன் பக்கம். என் பக்கம் காக்கை, மைனா, செம்போத்து. அந்தச் செம்போத்தும் நீ பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றதால் கிடைத்ததுதான். எனக்குத் தெரியாதா?

ஒன்றே ஒன்று உனக்கும் தண்ணி காட்டியது. விடிகாலை ஆறு மணிக்கும் பொழுது சாய ஆறு மணிக்கும் கத்துகிற ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பு முழுக்க நிறமாம். மூங்கில் வளைவில் அதன் குரலை நீ கேட்டாய், நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததால் கேட்கவில்லை. எத்தனை காலை தேடியும் அது உன் கண்ணில் படவில்லை.

ஒரு தை மாசம் உனக்குக் காய்ச்சல். நான் மட்டும் போய்வந்தேன். ஒன்றும் புதிதாகப் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து, "இன்னாடி பார்த்த?" என்று கேட்டாய். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. இவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்கிற சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது.

"ஆறுமணிக்குருவி. வளைவாண்ட, கரண்டு கம்பி மேல உக்காந்துனு இருந்துச்சு."

நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "குடுத்து வச்சவடி நீ. நோட்டை எடு" என்றாய். உன் கையாலேயே என் பக்கம் எழுதினாய், கம்பியையும் சேர்த்து. அன்றைக்கு நான் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அந்த வளைவு வந்ததும் நீ நிற்பாய். முட்டிவலியோடு குந்தி, புதருக்கடியில் சருகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் பின்னால் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை நாக்கு நுனி வரை வந்திருக்கும்! சொல்லவில்லை.

போன ஞாயிறு நிவேதா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அவளும் சைக்கிளில் வருகிறவள்தான். பாதையில் ஒரு போர்டு வைக்கப்போகிறார்களாம், இங்கே இருக்கிற பறவைகளின் பெயர்களோடு. நம் நோட்டைக் கேட்டாள். புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"கம்பி மேலயா? ஆன்ட்டி, அது தரையில சருகைக் கிளறி மேயற குருவியாச்சே. வேற எதையாவது பார்த்திருப்பீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பியைப் பற்றி அல்ல அக்கா, உன்னைப் பற்றி. என்னை நம்பியிருந்தால் நீ கம்பியை அல்லவா அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்? ஒரு நாளும் பார்க்கவில்லையே. தரையைத்தான் தேடினாய். அப்படியென்றால் முதல் நாளே உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் எழுதினாய்? என் மேல் இரக்கமா? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். பொய் சொன்ன நான் சின்னவளாகவும், மூச்சுவிடாத நீ பெரியவளாகவும் ஆகிவிட்டோமே, இதைத்தான் தாங்க முடியவில்லை.

"அது பொய், டீச்சர். நான் பார்க்கவே இல்ல. அடிச்சிடுங்க" என்றேன். டீச்சர் பேனாவைக் கொடுத்தாள். நானே அடித்தேன். சரி, இனி அந்தக் குருவி யாருக்கும் இல்லை, இரண்டு பேரும் சமம் என்று மனசு ஒரு மாதிரி ஆறியது.

அந்த நிம்மதி எத்தனை நேரம்? கடைசிப் பக்கத்தில் நீ பென்சிலால் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். எந்த நாள், எந்த வளைவு, குரல் எப்படி இருந்தது எல்லாம் எழுதியிருந்தாய். "அட, மல்லிகாக்கா சத்தம் கேட்டிருக்காங்களே! எங்க ஆளுங்க குரலைக் கேட்டாலே சேர்த்துக்குவாங்க ஆன்ட்டி" என்றாள். நான் அடித்த குருவி உன் பெயரில் போர்டில் ஏறப்போகிறது. மேலே போயும் என்னை ஜெயிக்கிறாயே, உனக்கே இது நியாயமா?

வருகிற ஐப்பசியில் விடியுமுன் போய் அந்த வளைவில் குந்தப்போகிறேன். வாயைத் திறக்காமல் குந்தப்போகிறேன். கண்ணால் பார்க்காமல் எழுந்து வரமாட்டேன், இது சத்தியம். பார்த்தால் என் பக்கம்தான் எழுதுவேன், உனக்கு ஒரு இறகு கூடக் கிடையாது.

ஆனால் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தால், பொறாமைப்பட அங்கே யார் இருக்கிறார்கள் அக்கா?

உன்னைப் பார்த்தே வயிறெரிந்து பழகிப்போன
உன் ஓரகத்தி,
சுமதி