உன் பச்சைப் பிடிக் கத்தி

இன்று காலை கூரியர்காரர் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். பிரித்ததும் புது எஃகும் எண்ணெயும் கலந்த வாசனை. புது ஃபிளிப்பர் கத்தி, மச்சான். மடக்கியிருக்கும்போது முதுகில் துருத்தி நிற்கும் சிறு நாக்கை ஆள்காட்டி விரலால் தட்டினால் 'டக்'கென்று அலகு வெளியே வந்து நிற்குமே, அந்த ரகம். இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். மடக்கி, கடை மேசையின் எதிர்ப்பக்கம் வைத்தேன். எடுக்கத்தான் ஆள் இல்லை.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது உன் கட்சி. ஒருவன் கீழே வைக்க வேண்டும், மற்றவன் எடுத்துக்கொள்ள வேண்டும். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த நீயும் ஓசூரில் பேரிங் விற்கிற நானும் போடாத சண்டையா? அரசியலில் தொடங்கி பிரியாணி வரைக்கும் போட்டோம். ஆனாலும் கத்தியை மட்டும் நீ ஒருநாளும் என் கையில் தந்ததில்லை.

உன்னைப் பார்த்து நானும் மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்கினேனே, அந்த முதல் கத்தி நினைவிருக்கிறதா? அலகு திரும்புகிற ஆணியைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பேரிங் உருண்டைகள் இருப்பது தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம சரக்காச்சே என்று, ஃபேக்டரி மோட்டாருக்குப் போடுகிற கிரீஸை எடுத்து அப்பிவிட்டேன். அலகு எருமை மாதிரி அசைந்து அசைந்து வந்தது. மண்டியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"நீயெல்லாம் பேரிங் யாவாரி! இது தெறக்கறதுக்குள்ள என் தக்காளி அழுகிடும்டா."

பிறகு நீயே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, மேசைமேல் வைத்தாய்.

உன்னிடம் இருந்தவற்றில் என் கண்ணெல்லாம் அந்தப் பச்சைப் பிடிக் கத்திமேல்தான். என்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அதை மட்டும் கொடு என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "பாத்துட்டு வெச்சிரு மச்சான்" என்பாய். அவ்வளவுதான்.

நீ போன பிறகு உன் மகள் போன் செய்தாள். "வீட்ல இத்தன கத்தி வேணான்னு அம்மா சொல்றாங்க மாமா. நீங்களே எடுத்துக்குங்க."

ஒளிப்பானேன், வருத்தத்தோடு வருத்தமாக, பச்சைப் பிடி கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பும் ராயக்கோட்டை வரை கூடவே வந்தது.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். கடைசியாகப் பச்சைப் பிடி. அதை வைக்காமல் ஒரு விரலால் தட்டினாள். சுத்தமான 'டக்'.

"ஏம்மா, யார் சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல மாமா. அப்பா மண்டிக்குப் போனதும் பீரோவுலருந்து எடுத்துத் தட்டிப் பாப்பன். அவருக்குத் தெரியாது."

பொருளை விட மனமில்லாத முகம் எனக்குத் தெரியாதா? அதைப் படித்துத்தானே இத்தனை காலம் கடை நடத்துகிறேன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"தங்கச்சி, எல்லாம் இங்கயே இருக்கட்டும். பாப்பா பாத்துக்கும்."

"அவரோட போச்சுன்னு நெனச்சன், இவளுக்கும் பிடிச்சிருச்சா இந்தப் பைத்தியம்?" என்று வந்தது பதில். குரலில் சிரிப்பு இருந்தது. அன்றைக்கு அது போதும் என்று வெறுங்கையோடு திரும்பினேன்.

இன்று வந்த கத்தி அவள் பெட்டிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன். எடுத்துத் தட்டிப் பார்த்து நூறு குறை சொல்வாள். நான் வழக்கம்போலப் பச்சைப் பிடியைக் கேட்பேன். எதிரில் வைத்து, "பாத்துட்டு வெச்சிருங்க மாமா" என்பாள்.

என் பையில் இருப்பது நீ கழுவி வைத்த அந்தப் பழைய கத்திதான். ஒரே தட்டுக்குத் திறக்கிறது. இன்றைக்கும் அதற்கு ஒரு சொட்டுக்கு மேல் எண்ணெய் விடுவதில்லை, மச்சான்.