ஃபோனுக்கு இந்தப் பக்கம்

கோல சிலாங்கூர்,
பிப்ரவரி 1987

அன்பு மகள் அம்சவள்ளிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம், மலாக்காவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் தம்பி வீரன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். நேற்று தோட்டத்து லயத்து வீடுகளின் கடைசி வரை தானாகவே நடந்து போய் வந்தான், அப்பா ஏதோ வேலை இருப்பது போல் பின்னாலேயே போனார். செகிஞ்சானிலிருந்து வந்த மீனில் குழம்பு வைத்தேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கிளந்தானில் நடந்ததை எழுதச் சொன்னாய். உனக்கு ஃபோனில் வந்த சத்தம் மட்டும்தானே தெரியும். தந்தி கிடைத்து நான் போய்ச் சேரும்போதே தம்பிக்கு நுரையீரலில் சளி கட்டிப் பேச்சு நின்றிருந்தது. அது பட்டாளத்து முகாமில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி, டாக்டர் ரொஸ்லானும் இளவயதுக்காரர். மலாக்காவில் நீ வேலை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் வெள்ளத்தில் ரோடு இல்லை, மழையில் ஹெலிகாப்டரும் வர முடியவில்லை. தொண்டையில் குழாய் விட்டு மூச்சு மிஷினில் போட்டுவிட்டு, உங்கள் பெரிய டாக்டரை ஃபோனில் பிடித்தார்கள். வயர் கட்டில் வரை எட்டவில்லை. உதவியாளர் இத்ரிஸ் வாசலில் நின்றுகொண்டு அங்கே சொல்வதை உள்ளே கத்துவார், உள்ளே சொல்வதை ஃபோனில் சொல்வார். அந்தப் பக்கம் பெரிய டாக்டர் சொல்வதை ஒரு நர்ஸ் எடுத்துச் சொன்னாள் போல, அவளிடம்தான் "பாய்க், மிஸ்ஸி அம்சா" என்று சரி சொன்னார். அது என் மகள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொன்னால் உன்னை அங்கிருந்து எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவன் உன் தம்பி என்று நீயும் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் மிஷினைத் திருகித் திருகிப் பார்த்தார். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று அங்கிருந்து கேள்வி வந்தது. பார்த்தால் வலது பக்கம் மட்டும்தான் ஏறியது. குழாய் அதிகம் உள்ளே போய்விட்டது, கொஞ்சம் வெளியே இழுக்கச் சொல்கிறார்கள் என்று இத்ரிஸ் கத்தினார். டாக்டர் இழுத்தார். இடது பக்கமும் மெல்ல எழுந்தது கண்ணு. அவன் பிறந்த அன்று கூட அவன் மூச்சை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவன் கண் திறந்த பிறகுதான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் உடனே என்னைக் கூட்டிப்போய் ஃபோனைக் கையில் கொடுத்தார். நீ "சாப்பிட்டியாம்மா" என்றாய். எனக்கு அழுகைதான் வந்தது, பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. உன்னை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லையே. குரல் நடுங்காமல் எல்லாம் சொன்னாயே, பிறகு எங்கே போய் அழுதாய் அம்சா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? அதை எழுது.

சித்திரைக்குக் கட்டாயம் லீவு கேள். தம்பி உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறான், அக்கா வரட்டும் என்கிறான். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நீ தீர்க்காயுசோடு இருக்க வேண்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அம்மா சின்னத்தாய்